கொரிய நாட்டு வைத்தியத்துல மான், புலி, கரடி எல்லாம் ஏன்?

மழைக்காகம்:
கொரியன் சீரியல் பாக்குறப்ப கவனிச்சது, யாராச்சும் தெம்பில்லாம கிடந்தா மான் கொம்பு கஷாயம் குடுக்குறாங்க, பழைய காலத்து கதைன்னா கதவுல புலி படம். நிஜமாவே மருந்துன்னு நம்பினாங்களா, இல்ல அந்த மிருகத்தோட குணம் நமக்கு ஒட்டிக்கும்னா?

அரைத்தூக்கம்:
ரெண்டும் கலந்துதான். அது முத்தின கொம்பு இல்ல, மெத்துன்னு ரோமத்தோட இருக்குறப்பவே வெட்டுற இளங்கொம்பு, நொக்யோங்னு சொல்வாங்க. வருஷா வருஷம் விழுந்து திரும்ப முளைக்குது இல்லையா, போன தெம்பும் அப்படியே வரும்னு நினைச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். நீண்ட ஆயுளுக்கான பத்து சின்னத்துல ஆமை, கொக்கு கூட மானும் உண்டு. ஆனா வெறும் நம்பிக்கைன்னு தள்ளிடாதீங்க, ராஜ வைத்தியர் ஹோ ஜுன் எழுதி 1613ல அச்சான தோங்குய்போகம்ங்கிற வைத்திய நூல்ல பறவை, மிருகம், மீன், பூச்சின்னு தனித்தனியா பிரிச்சே மருந்து எழுதியிருக்கார்.

சுண்டெலி77:
புலி கதை வேற. அதோட எலும்பை மூட்டு வலிக்கு குடுத்தாங்கதான், ஆனா பெரிய வேலை பயமுறுத்துறது. நோய்னா ஏதோ கெட்டது வீட்டுக்குள்ள வர்றதுன்னு நினைச்ச காலம், அதான் வருஷப் பிறப்புக்கு கதவுல புலி படம். தானோ பண்டிகைக்கு ராஜாவே சுக்ங்கிற மூலிகையில (நம்ம சுக்கு இல்ல) புலி மாதிரி செஞ்சு அதிகாரிகளுக்கு குடுப்பாராம்.

அரைத்தூக்கம்:
அதே சுக்தான் கொரியா நாடு உருவான தங்குன் கதையிலயும் வருது!! கரடியும் புலியும் மனுஷனாகணும்னு கேக்க, சுக் மூலிகையும் 20 பூண்டும் குடுத்து 100 நாள் குகையில இருங்கன்னாங்க, புலி பாதியில ஓடிருச்சு, கரடி தாக்குப்பிடிச்சு பொண்ணாகி நாட்டோட முதல் ராஜா தங்குனுக்கே அம்மாவாச்சு. அப்படிப்பட்ட கரடியைத்தான் 1981லருந்து பண்ணையில அடைச்சு பித்தப்பைக்காக வளர்த்தாங்க, அரசாங்கமே ஊக்கம் குடுத்துச்சு. 2026 ஜனவரிலதான் தடை. இத்தனைக்கும் அந்த பித்தநீர்ல இருக்குற உர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட் பித்தக்கல்லைக் கரைக்கிற நிஜ மருந்து, ஆனா அதை ஃபேக்டரியிலயே செஞ்சு மாத்திரையா வித்து எத்தனையோ வருஷமாச்சு.

மழைக்காகம்:
அப்ப பொறுமையில்லாம ஓடின புலிக்கு கதவுல காவல் வேலை, சொன்ன பேச்சு கேட்ட கரடிக்கு கூண்டா, அநியாயம்பா. நான் மான் கொம்பைப் பத்தி மட்டும்தான் கேக்க வந்தேன்.