ரப்பர் டேப்பர்: தட்டுறவரா, திறக்கிறவரா?

மண்டோர்பேரன் (சுங்கை சிப்புட்):
தம்பி மகன் பள்ளிக் கட்டுரையில 'என் தாத்தா ரப்பர் டேப்பர்'னு ஆங்கிலத்துல எழுதிட்டு, தமிழ்ல என்னன்னு கேக்குறான். நாளைக்குக் கொடுக்கணுமாம். போன் திரையை டேப் பண்றோம், டோல்ல கார்டை டேப் பண்றோம். எல்லாம் லேசா தட்டுறதுதான். பால்மரத்தை யாருங்க தட்டினா? பெரட்டு, அதான் தோட்டத்துல ஆள்கணக்கு எடுக்குறது, முடிஞ்சு இருட்டோட போய் வெட்டினாங்க. மலாய்க்காரங்க சொல்ற 'தோரே'யும் கீறுறதுதான். அப்போ தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைமாருக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சு? கள்ளு இறக்குற நம்மாளு பாளையைத் தட்டித் தட்டித்தான் சீவுவாரு. அதைப் பார்த்துப் பிடிச்சிருக்கான். தப்பு மேளம், துணி தப்புறது, டேப், எல்லாம் ஒரே வேர். நாம கொடுத்த சொல்லுங்க அது.

ஒட்டுப்பால்:
வந்துட்டாருய்யா. அண்ணே, இது எந்த வாட்ஸாப் குரூப்ல வந்துச்சு?

மண்டோர்பேரன்:
கிண்டல் வேணாம் தம்பி. 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போகலையா? 'மிளகுத்தண்ணி' போகலையா? இது மட்டும் போகாதா?

தமிழ் டீச்சர்:
அந்த ரெண்டும் போனது உண்மைதான். வெள்ளைக்காரன் நம்ம பக்கம் கப்பல்ல வந்தப்புறம் போச்சு. டேப் அதுக்கு முன்னாடியே அவன் ஊர்ல இருந்த சொல். அதுலயும் ரெண்டு தனிச்சொல் இருக்கு, எழுத்துக்கூட்டல் மட்டும் ஒண்ணு.

தட்டுற 'டேப்' பழைய பிரெஞ்சு வழியா வந்தது. தட்டுற சத்தத்திலிருந்தே பிறந்திருக்கலாம்னு சொல்வாங்க. நம்ம 'தப்பு'ம் சத்தத்துல பிறந்ததா இருந்தா, ரெண்டும் காதுக்கு ஒண்ணாத்தான் கேக்கும். அதுக்காக உறவு கொண்டாட முடியுமா?

இன்னொரு 'டேப்' முளை. சாராயப் பீப்பாயில துளை போட்டு, அதுல செருகி வைக்கிற மரமுளை. ஆயிரம் வருசத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்துல 'தாப்பா'ன்னு இருந்தது. அதுக்கு ஜெர்மன்ல 'சாப்ஃபன்'னு உறவுக்காரன் ஒருத்தன் உண்டு. முளையை உருவினா சாராயம் வடியும். அதனால அந்தச் சொல்லே 'திறந்து வடிய விடு'ன்னு வினையா ஆச்சு. நாம பைப்புங்கிற தண்ணிக்குழாய், ஒட்டுக்கேக்குற 'டெலிபோன் டேப்பிங்', ஆணிவேருக்கு அவங்க சொல்ற 'டேப்ரூட்', எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைங்க. முளை மாதிரி கீழ கூம்பி இறங்குறதால ஆணிவேருக்கு அந்தப் பேர். ரப்பர் டேப்பரும் இதே வீடுதான். பட்டையைத் திறந்து பாலை வடிய விடுறவர்.

மண்டோர்பேரன்:
டீச்சர், மேளத்தை விட்டுட்டீங்க. ராணுவத்துல முரசு தட்டுறதை 'டாட்டூ'ங்கறான். அது தட்டுறதுல வந்தது இல்லாம?

தமிழ் டீச்சர்:
அதுவும் பீப்பாய்தான்! டச்சுல 'டாப்டூ'ன்னா 'முளையை அடை'ன்னு அர்த்தம். ராத்திரி சாராயக்கடையை மூடு, சிப்பாய்ங்க கொட்டடிக்குத் திரும்புங்கன்னு அடிச்ச முரசு அது. 17ஆம் நூற்றாண்டுல ஆங்கிலத்துக்கு வந்தது. தோல்ல குத்துற 'டாட்டூ' வேற, பாலினேசியத் தீவுகள்லேர்ந்து வந்தது. மறுபடியும் ஒரே வேஷத்துல ரெண்டு பேர்.

கோலகங்சார்க்காரன்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். 1877ல நட்ட ரப்பர் கன்னுல ஒண்ணு எங்க ஊர் மாவட்ட அலுவலகம் பக்கத்துல இன்னும் மரமா நிக்குது. பிரேசில்ல அப்போ மரத்தைச் சின்னக் கோடாரியால கொத்தித்தான் பால் எடுத்தாங்க. மண்டோர்பேரன் சொல்ற அடி அங்க இருந்துச்சு. சிங்கப்பூர்ப் பூங்காவுல 1888ல பொறுப்புக்கு வந்த ரிட்லிதான் அதே கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசா சீவினா மரம் சாகாதுன்னு காட்டினாரு. இன்னிக்கும் அந்தச் சீவல்தான். பட்டைக்கு அடியில இருக்கிற வளர்படலத்துல கத்தி பட்டா, மரத்துல புண்ணு. எங்கப்பா அதுக்காகவே மண்டோர்கிட்ட, அதான் வேலையை மேற்பார்க்கிற கங்காணிகிட்ட, ஏச்சு வாங்குவாரு. விடியறதுக்கு முன்னாடி பால்குழாய்ல அழுத்தம் அதிகம், அதான் இருட்டுல போறது.

மண்டோர்பேரன்:
கோடாரியோ கத்தியோ, விடுங்க. டீச்சரே ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சிட்டாங்க. பீப்பாய் அடைக்கிற முளை 'தாப்பா'வாம்! எங்க வீட்டுக் கதவை அடைக்கிறதும் தாப்பாதானே! அடைக்கிறது அடைக்கிறதுக்குச் சரியாப் பொருந்துது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

ஒட்டுப்பால்:
இதுக்கு பதில் சொல்றது கொஞ்சம் கஷ்டம்தான், டீச்சர் 😂

தமிழ் டீச்சர்:
ஒண்ணும் கஷ்டமில்ல. நாம சொல்ற 'தாப்பா' தாழ்ப்பாள் தேய்ஞ்சது. அதோட பழைய வடிவம் 'தாழ்'. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்', எழுபத்தொண்ணாவது குறள், பள்ளியில ஒப்பிச்சதுதானே. அதுல 'ப்பா' எங்க இருக்கு? தேய்ஞ்சு போன நம்ம சொல்லை எடுத்து, தேயறதுக்கு முந்தின அவங்க சொல்லோட பக்கத்துல வச்சா எதுவும் எதுக்கும் பொருந்தும். தமிழுக்குப் பெருமை சேக்க குறள் இருக்கு, பீப்பாய் முளை வேணாம். பையன்கிட்ட 'மரத்தைத் தட்டுபவர்'னு மட்டும் எழுதச் சொல்லிடாதீங்க.

மண்டோர்பேரன்:
'பால்மரம் வெட்டுபவர்'னுதான் எழுதியிருக்கான். அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா கள்ளுக்குப் பாளையைத் தட்டுறதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

ஒட்டுப்பால்:
தட்டுறது பாளையைப் பக்குவப்படுத்த. டேப்பிங்னு அவன் சொல்றது கள்ளை வடிக்கிறதுக்கு. கனடாவுல மேப்பிள் மரத்துல துளை போட்டுச் சாறு எடுக்குறவனும் இதே சொல்லைத்தான் சொல்றான். அவன் எந்தப் பாளையைத் தட்டினான் அண்ணே?