சிஜேசி-1295: சான்றிதழில் எடை வேறாக இருக்கிறது, எப்படிக் கரைப்பது, சட்டநிலை என்ன?

நுண்குழாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வளர்ச்சி ஹார்மோனை வெளிவிடச் செய்யும் ஹார்மோனின் ஏற்பியை ஹெக்-293 என்ற மனிதச் செல் வகையில் வெளிப்படுத்தி, ஏற்பி தூண்டப்படும்போது செல்லுக்குள் கூடும் சைக்ளிக் ஏஎம்பி அளவை அளந்து வருகிறேன். ஒப்பீட்டுக்காக, அதே ஏற்பியைத் தூண்டும் சிஜேசி-1295 என்ற செயற்கைப் பெப்டைடை உள்நாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினோம். குப்பியில் 2 மில்லிகிராம் உறை உலர் தூள் இருக்கிறது. உடன் வந்த பகுப்பாய்வுச் சான்றிதழ் தூய்மை 98 விழுக்காடு, மூலக்கூறு எடை 3367.9 என்கிறது; நான் படித்த கட்டுரையிலோ எடை 3647 என்று உள்ளது.

எங்கள் ஆய்வகத்தில் எந்தப் பெப்டைடையும் 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) சேர்த்த பிபிஎஸ் என்ற பாஸ்பேட் தாங்கல் கரைசலில் கரைத்து வைப்பதே வழக்கம். இதற்கும் அப்படியே செய்யலாமா? குப்பியின் மேல் ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் எண்ணம் இருப்பதால், சட்டப்படி அதற்கு என்ன பொருள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முகடு

முதலில் குப்பியில் இருப்பது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை கரைக்க வேண்டாம். சந்தையில் இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு மூலக்கூறுகள் விற்கப்படுகின்றன.

இயற்கை ஹார்மோனில் 44 அமினோ அமிலங்கள் உண்டு. ஏற்பியைத் தூண்ட முதல் 29 போதும், அந்தத் துண்டே செர்மோரெலின். இரத்தத்தில் டிபிபி-4 நொதி முன்முனையின் இரண்டு அமிலங்களை வெட்டிவிடுவதால் அது சில நிமிடங்களே தாங்கும். அதனால் 2-ஆம் இடத்தில் டி-அலனினையும், அமைடு இழப்பைக் குறைக்க 8-ஆம் இடத்தில் குளூட்டமினையும், 15-இல் அலனினையும், ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகும் மெத்தியோனினுக்குப் பதிலாக 27-இல் லியூசினையும் வைத்தார்கள். இவ்வாறு மாற்றிய 29 அமிலத் துண்டின் எடைதான் 3367.9. மான்ட்ரியாலில் இயங்கிய கான்ஜுகெம் நிறுவனம் இதன் பின்முனையில் மாலிமைடு தொகுதி ஏற்றிய ஒரு லைசினைச் சேர்த்தது. அந்த மாலிமைடு இரத்த ஆல்புமினின் 34-ஆம் இடத்துச் சிஸ்டீனோடு நிலையாகப் பிணைந்துகொள்கிறது. 2006-இல் வெளியான மனித ஆய்வில் அரை ஆயுள் 6 முதல் 8 நாட்கள் வரை நீண்டதற்கு அதுவே காரணம். உண்மையான சிஜேசி-1295 இதுதான், எடை 3647.2. இரண்டுக்கும் இடையே உள்ள 279 அந்த லைசினும் மாலிமைடுப் பகுதியும் சேர்ந்த எடை. மாலிமைடு சேர்க்காத முன்னதையும் ‘டிஏசி இல்லாத சிஜேசி-1295’ (டிஏசி என்பது அந்த மாலிமைடுப் பகுதி) என்று விற்பது வணிகர்கள் செய்த குழப்பம்.

உங்கள் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மாலிமைடு இல்லாததாக இருந்தால் பிஎஸ்ஏ தடையில்லை. மாலிமைடு உள்ளதாக இருந்தால் பிஎஸ்ஏ அதனோடு வினைபுரியும் பொருள். தனிப் பெப்டைடை அளப்பதாக நினைத்துக்கொண்டு, எவ்வளவு சேர்ந்தது என்றே தெரியாத ஆல்புமின் இணைப்பை அளந்துகொண்டிருப்பீர்கள். சிஸ்டீனில் உள்ளதுபோன்ற கந்தகத் தொகுதி (தயோல்) கொண்ட டிடிடி, மெர்காப்டோ எத்தனால் ஆகியவையும் மாலிமைடோடு பிணையும் என்பதால் அவற்றையும் கிட்டே சேர்க்கக் கூடாது. கன்றுச் சீரத்தில் ஆல்புமின் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்பிஎம்ஐ-1640 என்ற செல் வளர்ப்பு ஊடகத்தில் தயோல் கொண்ட குளூட்டாதயோன் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. காரத்தன்மை கூடினால் மாலிமைடு வளையம் நீரேற்று உடையும். மூலக்கூறு எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் 3665 என்ற எடை தெரிந்தால் அது உடைந்துவிட்டது என்று பொருள். ஆகவே நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், பிஎச் 5-ஐ ஒட்டிக் கரைத்து, அன்றே பயன்படுத்துவது நல்லது. தூளை −80 டிகிரியில் வையுங்கள்.

நுண்குழாய்

மிக்க நன்றி ஐயா. சான்றிதழோடு இணைத்திருந்த நிறமாலையை எடுத்துப் பார்த்தேன். 843.0-இலும் 674.6-இலும் முகடுகள் உள்ளன; 912.8 அருகே ஒன்றுமில்லை.

முகடு

நிறமாலையில் தெரிவது எடையை மின்னூட்ட எண்ணிக்கையால் வகுத்த மதிப்பு. நான்கு, ஐந்து மின்னூட்டங்களுக்கான முகடுகள் அவை. கணக்கு 3368-க்குச் சரியாக வருகிறது. உங்களிடம் இருப்பது மாலிமைடு இல்லாதது. ஆல்புமினோடு பிணையும் மூலக்கூறைப் பற்றிய கட்டுரையோடு உங்கள் முடிவுகளை ஒப்பிட வேண்டாம்.

குளிர்அறை

−80 கட்டாயம் என்பதை நான் ஏற்கவில்லை. ஈரம் புகாமல் மூடிய உலர் தூளுக்கு −20 டிகிரி போதும். கெடுதல் பெரும்பாலும் வெப்பநிலையால் வருவதில்லை, குப்பியைக் குளிரோடு திறப்பதால் வருகிறது: காற்றின் ஈரம் தூளின் மேல் படிந்துவிடும். உலர்த்திக்குள் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு, சற்றுச் சுழற்றித் தூளை அடியில் இறக்கிவிட்டுத் திறவுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 98 விழுக்காடு தூய்மை என்பது கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி வரைபடத்தின் முகடுகளின் பரப்பு விகிதமே தவிர, குப்பியில் 98 விழுக்காடு பெப்டைடு என்று பொருளல்ல. இந்த மூலக்கூறில் நேர்மின்னூட்டம் ஏற்கும் இடங்கள் ஆறு. டிஎஃப்ஏ (டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம்) உப்பாக இருந்தால் ஆறு டிஎஃப்ஏ சேர்ந்து எடையில் சுமார் 17 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும், ஈரம் வேறு. ஆகவே 2 மில்லிகிராம் என்று நம்பிக் கணக்கிட்டால் உங்கள் மருந்தளவு வளைகோடு முழுவதும் நகர்ந்துவிடும். 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபான் இதில் இல்லை, ஆனால் இரண்டு டைரோசின்கள் உண்டு. 280 நானோமீட்டரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பெப்டைடு சுமார் 0.88 உறிஞ்சல் தர வேண்டும். பெப்டைடின் உண்மையான அளவை அறிய, பிஎஸ்ஏ சேர்ப்பதற்கு முன் அதை அளந்துவிடுங்கள்.

நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் கண்ணாடியில் ஒட்டும். நானோமோலார் அளவுக்கு நீர்க்கும்போது புரதம் ஒட்டாத பாலிபுரொப்பிலீன் குழாய்களே ஏற்றவை. ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவைத்து, உருக்கியதை மீண்டும் உறையவைக்காமல் இருங்கள்.

உரிமப்பிரிவு

சட்டநிலை பற்றி. ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்பது விற்பவர் தாமே சொல்லிக்கொள்ளும் நோக்கம். அது உரிமமும் அன்று, தரச்சான்றும் அன்று.

இந்தக் குடும்பத்தில் செர்மோரெலின் 1997-இல் குழந்தைகளின் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2008-இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க டெசாமோரெலின் 2010 நவம்பரில் அனுமதி பெற்றது. சிஜேசி-1295-க்கு அங்கு அனுமதி இல்லை; பங்கேற்றவர் ஒருவர் இறந்ததை அடுத்து அதன் இரண்டாம் கட்டச் சோதனை 2006-இல் நிறுத்தப்பட்டது. மருந்தகங்கள் தாமே கலந்து தரும் பொருள்களில், பாதுகாப்பு ஐயம் உள்ளவை என்ற இரண்டாம் வகையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் இதைச் சேர்த்தது. 2024-இல் அந்த வகையிலிருந்து எடுத்து ஆலோசனைக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பியதைச் சில விற்பனைத் தளங்கள் அனுமதி கிடைத்துவிட்டதுபோல் எழுதின, அது பொய்.

இந்தியாவில் புதிய மருந்தையோ ஆய்வுநிலை மருந்தையோ சோதனைக்கும் பகுப்பாய்வுக்கும் இறக்குமதி செய்ய 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி சிடி-16 படிவத்தில் விண்ணப்பித்து, சிடி-17 உரிமம் பெற வேண்டும். செல்களோடு நிறுத்தாமல் எலிகளுக்குச் செலுத்துவதானால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே தேவை. விளையாட்டு வீரர்களுக்கு இது போட்டிக்காலம், பயிற்சிக்காலம் என்ற வேறுபாடின்றித் தடை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் எஸ்2 பிரிவில் பெயர் குறிப்பிட்டே இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் இதற்குக் கிராக்கி இருப்பதால், குப்பிகளைப் பூட்டிய உறைபெட்டியில் வைத்து, எடுத்த அளவைப் பதிவேட்டில் கையொப்பத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கொள்முதல் கோரிக்கையில் வணிகப் பெயரை மட்டும் எழுதாமல் அமினோ அமில வரிசை, பின்முனை மாற்றம், உப்பு வகை, எதிர்பார்க்கும் எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள். உரிம விண்ணப்பத்திலும் அதே விவரங்களைத் தரலாம்.