மிச்சிகன் ஸ்டேடியத்தில் நான்கு இருக்கைகள்: சீசன் டிக்கெட் வாங்கலாமா?

நோவை குடும்பத்தான்:

நண்பர்களுக்கு வணக்கம். மிச்சிகன் மாநிலத்து நோவை நகருக்கு நாங்கள் குடிவந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் எங்களுக்கு அரை மணி நேரப் பயணம்தான் என்றாலும், அதன் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி முதல் ஆறு ஆண்டுகள் எனக்கு ஒன்றும் தெரியாது. 2021 நவம்பர் 27 அன்று அலுவலக நண்பர் ஒருவர் தம்மிடம் மிஞ்சிய டிக்கெட்டைக் கொடுத்து, பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். பனி விழுந்துகொண்டிருந்தது. 2012 முதல் 2019 வரை ஒஹாயோவிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த மிச்சிகன் அன்று 42-27 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் நரைத்த தலையர்கள்கூடப் புல்தரைக்குள் இறங்கி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஓரிரு ஆட்டங்களுக்குத் தனி டிக்கெட் வாங்கி மகன்களை அழைத்துச் செல்கிறேன். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, இளையவனுக்கு ஒன்பது. இவ்வாண்டு, ஆடுகளத்தின் முனைக்குப் பின்னால் உள்ள முனைப்பகுதியில் அடுத்தடுத்த நான்கு இருக்கைகளுக்கு சீசன் டிக்கெட் (ஓராண்டில் அங்கே நடக்கும் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து வாங்குவது) எடுக்க எங்களுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. இரண்டு வாரங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியும் நீச்சல் வகுப்பும் இருப்பதால் என் மனைவி தயங்குகிறார். ஏற்கெனவே வாங்கியவர்களும், வாங்கிப் பின்னர் விட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கான்டன் கணக்காளர்:

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து விட்டவன் நான். அந்த அணியின் மீது எனக்குப் பற்றில்லை என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்; இப்போதும் ஆண்டுக்கு நான்கு ஆட்டங்களாவது அரங்கில்தான் பார்க்கிறேன்.

முதலில், டிக்கெட்டில் அச்சிட்ட விலை முழு விலையாகாது. இருக்கைக்கென்று தனியே நன்கொடை கேட்கும் ஏற்பாடு மிச்சிகனில் 2005-இல் தொடங்கியது. இருக்கை நடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தத் தொகை ஏறும். இத்தகைய நன்கொடையில் 80 விழுக்காட்டை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முன்பு சட்டம் இடம் கொடுத்தது. 2017-இல் நிறைவேறிய வரிச் சட்டம் 2018 முதல் அந்தச் சலுகையை முற்றிலும் நீக்கிவிட்டது. பழைய ஆட்கள் சொல்லும் கணக்கை இன்று நம்பக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவதாக, எத்தனை ஆட்டங்கள், யாருடன் என்பது உங்கள் கையில் இல்லை. 2024-இல் ஆன் ஆர்பரில் எட்டு ஆட்டங்கள் நடந்தன. டெக்சஸ், யுஎஸ்சி (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்), ஆரிகன், இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட் என்று வந்த அணிகளெல்லாம் பெரியவை. அடுத்த ஆண்டு ஆறே ஆட்டங்கள். ஒஹாயோ ஸ்டேட் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் இங்கே வருகிறது, மிச்சிகன் ஸ்டேட் இரட்டைப்படை ஆண்டுகளில். இவ்வாண்டு நீங்கள் டிக்கெட் எடுத்தால் ஓக்லஹோமா வருகிறது, ஆனால் நீங்கள் மனத்தைப் பறிகொடுத்த அந்த ஆட்டம் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில்தான் நடக்கும்.

இனி எண்களைப் பார்ப்போம். இவை விலைப் பட்டியலில் எடுத்தவை அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஏழு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 100 டாலர், இருக்கைக்கு 200 டாலர் நன்கொடை என்றால் நான்கு இருக்கைகளுக்கு 3,600 டாலர். மறுவிற்பனைத் தளங்களில் இரண்டு பெரிய ஆட்டங்கள் 250, மூன்று நடுத்தர ஆட்டங்கள் 90, இரண்டு எளிய ஆட்டங்கள் 30 என்று விலை போவதாக வைப்போம். நீங்கள் ஒரு பெரிய ஆட்டம், இரண்டு நடுத்தரம், ஒரு எளியது என்று நான்குக்கு மட்டும் போனால், தனித்தனியாக வாங்க 1,840 டாலர் ஆகும். சீசன் டிக்கெட் வாங்கி, போகாத மூன்றையும் விற்றால், தளத்தின் கட்டணம் போக ஏறக்குறைய 1,280 டாலர் திரும்பி வரும். அப்போதும் உங்கள் கையிலிருந்து 2,320 போயிருக்கும். 480 டாலர் நட்டம். ஏழுக்கும் தவறாமல் போனாலும் தனி டிக்கெட்டே 280 டாலர் மலிவு.

வரிசை 62:

கணக்காளர் ஐயாவின் கூட்டல் கழித்தலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் கணக்கின்படியே பார்த்தாலும், நான்கு பேர் கொண்ட குடும்பம் ஓர் இலையுதிர்காலம் முழுவதற்கும் கூடுதலாகக் கொடுப்பது 280 முதல் 480 டாலர் வரைதான். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவர் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளாக ஒரே இடத்தில் அமர்ந்து ஆட்டம் பார்க்கிறேன். தனி டிக்கெட் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு மூலை, வேறு முகங்கள். எனக்கு இடப்பக்கம் பிளின்ட்டிலிருந்து வரும் அக்கா தம்பி இருவர், முன்வரிசையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். என் மகள் பிறந்த ஆண்டு அந்த ஆசிரியர் நீலமும் மஞ்சளுமாகக் கம்பளித் தொப்பி ஒன்றைத் தம் கையாலேயே பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த நாட்டில் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் அக்கம்பக்கம் எனக்கு அமைந்தது என் தெருவில் அன்று, அந்த அலுமினியப் பலகையில்தான். 1975 நவம்பர் 8 முதல், பெருந்தொற்றால் அரங்கை அடைத்துவைத்த 2020 நீங்கலாக, அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்குமேல் கூட்டம் கூடுகிறது. அத்தனை பேருக்கு நடுவில் ஏழெட்டுப் பேருக்கு நம்மைத் தெரியும் என்பது சிறிய செய்தி அன்று.

எளிய ஆட்டம் என்று 30 டாலர் போட்டார். 2007 செப்டம்பர் 1 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் வந்தபோதும் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கீழ்ப்பிரிவில் ஆடிய அந்த அணி, நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக அப்போது எண்ணப்பட்ட மிச்சிகனை 34-32 என்று வீழ்த்தியது. முன்வரிசை ஆசிரியர் அன்று மட்டும் டிக்கெட்டை உறவினருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தாராம். தோல்வி என்றாலும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை சொல்கிறார்.

இன்னொன்று கேட்கிறேன். பெரிய ஆட்டம் ஒன்றை விற்பதாகக் கணக்குப் போட்டீர்களே, ஓக்லஹோமா ஆட்டத்தன்று குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த டிக்கெட்டை யார் விற்பார்கள்?

கான்டன் கணக்காளர்:

நியாயமான கேள்வி. இரண்டு பெரிய ஆட்டங்களுக்கும் போவதாக வைத்தால் வேறுபாடு ஏறக்குறைய 345 டாலராகக் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைப் பல்கலைக்கழகம் தனியே முடிவு செய்வதில்லை. 2023 முதல், மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் ஒளிபரப்பு உரிமை ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. நண்பகலா, பிற்பகல் மூன்றரையா, இரவு ஏழரையா என்பது பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் தெரியும். சிலவற்றுக்கு ஆறே நாள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒத்திகை வைத்திருக்கும் குடும்பம் இதை எப்படித் திட்டமிடும்? விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி நடத்துவதால் மூன்றரை மணி நேரம் ஆகும். வண்டி நிறுத்தி நடந்துபோய்த் திரும்புவதையும் சேர்த்தால் அந்த நாளே போய்விடும். சாய்மானம் இல்லாத பலகையில், ஒருவருக்கென்று குறித்த குறுகிய இடத்தில், நவம்பர் மாதத்துத் தடித்த மேலங்கிகளோடு நெருக்கியடித்து ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனை சனிக்கிழமை அமர்வான்? என் இளைய மகள் மூன்றாம் ஆண்டில் வர மறுத்தாள். நான் கட்டாயப்படுத்தினேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

முன்னாள் மாணவி:

நான் அங்கே படித்தவள். மாணவர் பகுதியில் நான்கு ஆண்டுகள் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தவள். இந்த உரையாடலில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விலை இப்போது இருக்கும் இடத்தில் நிற்காது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, கல்லூரி வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். டென்னசி பல்கலைக்கழகம் உடன்பாடு உறுதியாகும் முன்பே, 2025 சீசன் டிக்கெட்டுகளின் மீது திறமைக் கட்டணம் என்ற பெயரில் 10 விழுக்காடு சேர்க்கப்போவதாக அறிவித்துவிட்டது. மற்ற இடங்களில் பெயர் வேறாக இருக்கலாம், திசை இதுதான். ஒருமுறை நுழைந்தவர்கள், விட்டால் இடம் போய்விடுமே என்ற அச்சத்திலேயே ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அன்பை அச்சமாக மாற்றும் இந்த ஏற்பாடு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வரிசை 62:

அம்மா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் வீரர்களுக்குப் பணம் போவதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 ஜூலைக்கு முன்பு, தம் சொந்தப் பெயரை வைத்து ஒரு கடை விளம்பரத்தில்கூட அந்த இளைஞர்கள் பணம் பெற முடியாது. ஒரு லட்சம் பேர் காசு கொடுத்து உள்ளே வந்தார்கள், ஒளிபரப்பாளர்கள் கோடிகளைக் கொட்டினார்கள், முழங்கால் முறிந்தவனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும்தான். என் டிக்கெட்டில் 10 விழுக்காடு ஏறி அது அவர்கள் கைக்குப் போகும் என்றால் மனமுவந்து கொடுப்பேன்.

முன்னாள் மாணவி:

வீரர்களுக்குப் பணம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வசூலிக்க எளிய குடும்பங்களின் பற்றைக் கருவியாக்குவதைத்தான் மறுக்கிறேன். ஒளிபரப்பு வருமானம் இவ்வளவு பெருகிய பிறகும் முனைப்பகுதிக் குடும்பத்திடம் கேட்பானேன்? இந்தக் கேள்விக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

கான்டன் கணக்காளர்:

ஒரு திருத்தம்: சீசன் டிக்கெட்டுக்கு ஆதரவாக ஒரு வாதம் எனக்கே தோன்றுகிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. 2024 முதல் தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுத் தொடரில் பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன. ஐந்து முதல் எட்டு வரை தரவரிசை பெற்ற அணிகள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த மைதானத்திலேயே ஆடும். அந்த ஆண்டு டிசம்பரில் கொலம்பஸிலும் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் ஊரான சவுத் பெண்டிலும் அப்படி நடந்தது. ஆன் ஆர்பருக்கு அந்த நாள் வந்தால், வழக்கமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கே முதலில் வாய்ப்புக் கிடைக்கும். அன்று மறுவிற்பனை விலையை என் கணக்கில் அடைக்க முடியாது. என்றாலும், வருமா வராதா என்று தெரியாத ஒரு டிசம்பருக்காக ஆண்டுதோறும் 3,600 டாலர் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நோவை குடும்பத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணக்காளர் ஐயாவின் எண்களை ஒரு தாளில் எழுதி என் மனைவியிடம் காட்டினேன். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இளையவன் எத்தனை ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்திருக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தேன். இதுவரை நாங்கள் போன ஏழு ஆட்டங்களில் இரண்டு. மற்றவற்றில் மூன்றாம் கால் பகுதிக்குள் தூங்கிவிட்டான், அல்லது குளிர் தாங்காமல் அழுதான். மூத்தவனோ ஒவ்வொன்றிலும் கடைசி நொடி வரை நின்றுகொண்டே பார்த்தான்.

ஆகவே நான்கு இருக்கைகள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதே பகுதியில் இரண்டு இருக்கைகள் மட்டும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பெரும்பாலும் மூத்தவனோடு நானோ மனைவியோ போவோம். மற்றவர் இளையவனோடு தமிழ்ப் பள்ளிக்குப் போவார். அவன் வர விரும்பும் நாளில் தனி டிக்கெட் வாங்கிக்கொள்வோம்.

வரிசை 62:

குடும்பத்தைச் சனிக்கிழமைதோறும் இரண்டாகப் பிரிப்பது எனக்கு நெருடுகிறது. நான் வாங்கச் சொன்னதே எல்லோரும் சேர்ந்து இருப்பதற்காகத்தான். ஆனால் பிள்ளையின் மனம் அறிந்து எடுத்த முடிவு என்பதால் மேலும் வாதிட மாட்டேன்.

கான்டன் கணக்காளர்:

இரண்டு இருக்கை என்றால் நட்டமும் பாதியாகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் எந்தெந்த ஆட்டத்துக்கு உண்மையில் போனீர்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். புதுப்பிக்கும் கடிதம் வரும்போது அந்தக் குறிப்பையே பாருங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள்.

நோவை குடும்பத்தான்:

அப்படியே செய்கிறேன். டிக்கெட் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் இரண்டிரண்டு இருக்கைகள் இருக்கின்றனவாம். எதை எடுப்பது?

வரிசை 62:

வடக்கு முனை. ஆடுகளம் வடக்கு தெற்காக இருப்பதால் அங்கே அமர்பவர்கள் தெற்கே பார்த்திருப்பார்கள். செப்டம்பரில் கண் கூசும், பிள்ளைக்கு விளிம்பு வைத்த தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பரில் நண்பகல் ஆட்டம் வரும்போது அந்த வெயிலின் அருமை தெரியும்.