பழைய கொரோலாவுக்கு கரண்ட் பம்ப் போட்டு பவர் ஸ்ரேறிங் ஆக்கலாமா?

கொக்குவில் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் கார் டொயோட்டா கொரோலா ஈஈ90, 2ஈ எஞ்சின். வாங்கிய நாளிலிருந்து சாதாரண ஸ்ரேறிங்தான், அப்பா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இப்போது வலது தோள்மூட்டில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு நின்ற இடத்தில் திருப்ப அவரால் முடியவில்லை. எங்கள் ஒழுங்கை ஒடுங்கல், இரண்டு பக்கமும் மதில், கேற்றுக்குள் ஏற்ற மூன்று தரம் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு கராச்சில் விட்டோம். அவர்கள் இதே மொடலின் றீகண்டிசன் பவர் றாக் (ஸ்ரேறிங் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற பல்லுத் தண்டு) ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்கு ஒயிலை அமுக்கித் தருகிற பம்பை எஞ்சினில் பூட்டுகிற பிறாக்கற்றும் புளியும் (பெல்ற் ஓடுகிற சில்லு) கிடைக்கவில்லை என்று சொல்லி, றாக்கின் இரண்டு பைப் வாயையும் ஒரு ஹோஸால் கொழுவி, "கொஞ்ச நாள் இப்படி ஓடுங்கோ" என்று தந்துவிட்டார்கள். காசு முழுதாக வாங்கியாயிற்று. இப்போது முன்னையதை விடப் பாரம். நான் திருப்பினாலே தோள் வலிக்கிறது, அப்பா சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

வேறொரு மெக்கானிக் அண்ணை மஸ்டா அக்செலாவின், பற்றரியில் ஓடுகிற கரண்ட் பம்பைப் போடலாம் என்கிறார், பெல்ற்றும் தேவையில்லை புளியும் தேவையில்லையாம். உண்மையா? பற்றரி தாங்குமா? ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் நின்றால் என்ன ஆகும்? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள், வந்தவர்கள் எல்லாரும் "விற்றுவிட்டு வேறு கார் எடு" என்றுதான் சொல்கிறார்கள், அப்பாவிடம் அதை நான் எப்படிச் சொல்வது?

நெல்லியடி சனிக்காரன்:

தங்கச்சி, விற்க வேண்டாம். நான் என் பழைய நிசான் சனிக்கு இதே வேலையைச் செய்து 4 வருடமாக ஓடுகிறேன். எஞ்சின் மாற்றியபோது பம்ப் இருந்த இடத்தில் அல்ரனேற்றர் வந்து குந்திவிட்டது, அதனால் கரண்ட் பம்புக்குப் போனேன்.

முதலில் ஏன் பாரம் கூடியது என்று சொல்கிறேன். பவர் றாக்கில் பூட்டிலிருந்து பூட்டுக்கு (ஒரு பக்கம் முழுக்கத் திரும்பி நிற்கிற இடத்திலிருந்து மறு பக்கம் வரை) சுற்று குறைவு, அதாவது உதவி வரும் என்ற நம்பிக்கையில் செய்த பல்லு. அதோடு உள்ளே இருக்கிற பிஸ்டன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒயிலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உதவி இல்லாமல் அதை ஓட்டுவது சாதாரண றாக்கை விடக் கஷ்டம். அந்த ஹோஸுக்குள் ஒயில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், காய்ந்து ஓடியிருந்தால் றாக்கின் சீல் போயிருக்கும், அதற்குப் பிறகு எந்தப் பம்ப் போட்டும் ஒழுகும்.

அக்செலா பம்ப் நல்ல தெரிவு. மோட்டர், பம்ப், ஒயில் கோப்பை எல்லாம் ஒரே கட்டு. தடித்த வயர் இரண்டு பற்றரிக்கு, சின்ன பிளக்கில் சாவி லைன் ஒன்று, மற்றவை காரின் கம்பியூட்டரோடு பேசுகிற வயர்கள். எனக்குக் கிடைத்த பம்ப் அந்தப் பேச்சு இல்லாமலே ஒரே வேகத்தில் ஓடுகிறது. எல்லாப் பம்பும் அப்படி இல்லை, டொயோட்டா எம்ஆர்2 பம்புக்கு அதை ஓட்டுகிற தனிக் கரண்ட் பெட்டி வேண்டும், அது இல்லாமல் வாங்கினால் வெறும் இரும்பு. ஆகவே கொழும்பில் பஞ்சிகாவத்தையோ யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதியோ, எங்கு வாங்கினாலும் கடை வாசலிலேயே பற்றரியில் கொடுத்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பிளக்கையும் வயரோடு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அக்செலாவின் பழைய பிறஷர் பைப்பை எடுக்க வேண்டாம். 2010இல் மஸ்டா பவர் ஸ்ரேறிங் பிரச்சினைக்காகத் தன் கார்களைத் திருப்பி அழைத்தது, காரணம் அந்தப் பைப்பின் உள்ளே இருந்த துரு ஒயிலில் கலந்து பம்புக்குள் போனதுதான். புது ஹோஸ் அடியுங்கள். ஹைட்ரோலிக் ஹோஸ் அமுக்கித் தருகிற கடையில் மட்டும், ஒரு முனை மஸ்டா, மறு முனை டொயோட்டா. அந்த லைனில் கிளிப் போட்டு இறுக்க ஒருவரையும் விடாதீர்கள். திரும்பி வருகிற லைனுக்கு கிளிப் போதும். மஸ்டா பம்புக்கும் டொயோட்டா றாக்குக்கும் ஏரிஎஃப் (ஓட்டோ கியர்) ஒயில் சரி. பச்சை ஒயில் கேட்கிற பம்புகளும் சந்தையில் உண்டு, மூடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஊற்றக்கூடாது.

சுன்னாகம் பற்றரிக்கடை:

பிள்ளை, நான் ஓட்டோ எலக்ரீசியன். தம்பி சொன்னது சரி, ஆனால் பூட்டுகிற வேலையை விட வயர் வேலையில்தான் இது கெடுகிறது. என்னிடம் வந்த ஒரு வான், பம்ப் புதிது மாதிரி, ஆனால் திருப்பும்போது விட்டு விட்டு உதவியது. பம்பின் வாயிலேயே மீற்றரைப் பிடித்தேன். ஐட்லிங்கில் 13.6 வோல்ற், ஸ்ரேறிங்கை முழுக்கத் திருப்பிப் பிடித்தால் 10.4. பற்றரியில் அதே நேரம் 12.7. இடையில் 2 வோல்ற் எங்கே போனது? ஏர்த் வயரை மட்காட்டில் பெயின்ற்றுக்கு மேலே ஒரு சின்ன ஸ்குரூவால் இறுக்கியிருந்தார்கள், தொட்டால் கை சுட்டது. பெயின்ற்றைச் சுரண்டி, 16 சதுர மில்லிமீற்றர் வயரால் பற்றரியின் மைனஸுக்கே நேராகக் கொண்டு போனேன், வேறு ஒன்றையும் தொடவில்லை. குறை போய்விட்டது.

நேராக ஓடும்போது இந்தப் பம்ப் 10 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும், நின்ற இடத்தில் பூட்டு வரை திருப்பிப் பிடித்தால் 60ஐத் தாண்டும். உங்கள் காரின் வயதுக்கு அல்ரனேற்றரே 60 அம்பியருக்குள்தான் இருக்கும், அதில் ஹெட்லைற் மட்டும் 9 அம்பியர் தின்னும். பயப்பட வேண்டாம், அந்த உச்சம் சில வினாடிக்குத்தான், அதைப் பற்றரி கொடுக்கும். ஆனால் கிழட்டுப் பற்றரி கொடுக்காது. பற்றரிக்குப் பக்கத்திலேயே 80 அம்பியர் பியூஸ், தூரத்தில் அல்ல. சாவி லைனை ரிலே மூலம் எடுத்து, எஞ்சின் ஓடினால் மட்டும் பம்ப் ஓடுகிற மாதிரிச் செய்யுங்கள், அல்ரனேற்றரின் சார்ஜ் லைற் வயரிலிருந்து அதைச் செய்யலாம். இல்லாவிட்டால் யாராவது பாட்டுக் கேட்கச் சாவியைத் திருப்பி வைத்தாலே பற்றரி இறங்கும்.

பம்ப் நின்றால் என்ன என்று கேட்டீர்கள். கார் உங்கள் கையை விட்டுப் போகாது, இப்போது இருக்கிற பாரம் திடீரென்று திரும்பி வரும், அவ்வளவுதான். அந்தத் திடீர்தான் ஆபத்து. வேலை முடிந்ததும் ஆளில்லாத றோட்டில் பியூஸைக் கழற்றிவிட்டு ஐயாவை ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். அந்தத் தோளால் அப்படி ஓட்டவே முடியாது என்றால், அவர் ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓடட்டும்.

மானிப்பாய் ஏ40:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் அப்பப்பா காலத்து ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் இருக்கிறது, மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தையும் கண்ட கார். அதற்கும் இந்தப் பம்ப் போடலாமா? அல்லது புதுச் சின்னக் கார்களில் ஸ்ரேறிங் தண்டிலேயே மோட்டர் வருகிறதே, அதை வெட்டிப் பொருத்தலாமா? இந்தத் தங்கச்சிக்கும் அது சுலபம் இல்லையா, ஒயிலே இல்லையே?

நெல்லியடி சனிக்காரன்:

அண்ணை, பம்ப் பிறஷர் மட்டும்தான் தரும், அதை வாங்கித் தள்ள ஹைட்ரோலிக் றாக்கோ பெட்டியோ இருக்க வேண்டும். தங்கச்சியின் காரில் அது ஏற்கனவே இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. தண்டு மோட்டர் போட வேண்டுமென்றால் தண்டை வெட்டி ஒட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் நல்ல வெல்டர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை, ஆனால் ஸ்ரேறிங் தண்டில் ஒரு ஒட்டு விட்டால் ஏ9இல் எதிரே பஸ் வரும்போது கையில் வெறும் வளையம்தான் இருக்கும். கரண்ட் பம்பில் எனக்குப் பிடித்ததே இதுதான், கைக்கும் ரயருக்கும் நடுவில் ஒன்றையும் வெட்டுவதில்லை. பம்ப் செத்தாலும் ஸ்ரேறிங் இருக்கும்.

சுன்னாகம் பற்றரிக்கடை:

ஏ40க்கு இன்னொன்றும் உண்டு தம்பி. அதில் பிளஸ் ஏர்த் (பற்றரியின் பிளஸ்தான் பொடியோடு சேரும்), டைனமோ 20 அம்பியரைச் சுற்றித்தான் தரும். இந்தக் காலத்து மோட்டரை யோசிக்காமல் கொழுவினால் அந்த நிமிடமே எரியும். கிங்பின்னுக்கு (முன் சில்லு திரும்புகிற அச்சாணி) கிறீஸ் அடித்து எவ்வளவு நாள்? ரேடியல் ரயர் போட்டிருந்தால் காற்றையும் பாருங்கள். பழைய கார்களின் பாதிப் பாரம் அந்த இரண்டு இடத்தில்தான்.

கொக்குவில் மகள்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். முடிந்துவிட்டது. ஹோஸுக்குள் பாதி ஒயில் இருந்தது, றாக் தப்பியது. பம்பை வலது பக்க மட்காட்டுக்குள், கோப்பை நிமிர்ந்து நிற்கிற மாதிரி, றப்பர் புஷ் வைத்துப் பூட்டினோம். முதலில் றப்பர் இல்லாமல் வைத்தபோது கார் முழுவதும் தேனீக்கூடு மாதிரி இரைந்தது. ஒயில் நிரப்பிய அன்று முன் சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கி, எஞ்சினை ஓடவிடாமல் பூட்டிலிருந்து பூட்டுக்கு இருபது தரம் நானே திருப்பினேன், ஒயில் பால்தேநீர் மாதிரி நுரைத்து வந்தது, நுரை அடங்க ஒரு மணித்தியாலம் விட்டுத்தான் பம்பை ஓடவிட்டோம்.

மீற்றர் பிடித்துப் பார்த்தேன் ஐயா, பூட்டில் 12.6. ஆனையிறவு வரை ஓட்டினேன், 80இல் போகும்போது கொஞ்சம் அதிகமாக லேசாக இருக்கிறது, கை சும்மா அசைந்தாலும் கார் அசைகிறது. இதற்கு ஏதும் செய்யலாமா?

பியூஸைக் கழற்றி அப்பாவுக்கும் ஓட்டக் கொடுத்தேன். நேராகப் போகும்போது சமாளித்தார், சந்தியில் திருப்பக் கஷ்டப்பட்டார். ஆகவே நீங்கள் சொன்ன மாதிரி ஊருக்குள் மட்டும். நேற்று கேற்றுக்குள் அவரே ஏற்றினார். இடது கையால், ஒரே தரத்தில். எஞ்சினை நிறுத்தாமல் மாமரத்தடியில் கொஞ்ச நேரம் ஸ்ரேறிங்கை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே இருந்தார், அம்மா வந்து கூப்பிடும் வரை.

நெல்லியடி சனிக்காரன்:

பெரிய சந்தோசம் தங்கச்சி. அந்த லேசு எனக்கும் இருந்தது, வேகம் தெரியாத பம்ப் எப்போதும் ஒரே அளவுதான் உதவும். றாக்கை மாற்றிய பிறகு அலைன்மென்ற் பார்த்தீர்களா? றாக் இறக்கி ஏற்றினால் ரோ (முன் சில்லுகள் உள்ளே வெளியே சாய்ந்து பார்க்கிற அளவு) நிச்சயம் மாறியிருக்கும். அதைச் சரி செய்த பிறகு எனக்குப் பாதி குறைந்தது. பண்ணைப் பாலப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் என்றால் பிளக் வாயில் கிறீஸ் பூசிவிடுங்கள், உப்புக் காற்று முதலில் பிடிப்பது அதைத்தான்.