1925-இல் காணாமல் போன சரக்குக் கப்பலின் பெயர் தெரிய உதவி வேண்டும்

ராயபுரம் பனைமரத்தொட்டியிலிருந்து எழுதுகிறேன். என் ஆயாவின் அப்பா நீராவிச் சரக்குக் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவர். 1925 ஐப்பசியில் ரங்கூனில் அரிசி ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட கப்பல் வந்து சேரவே இல்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை என்பார் ஆயா. உடலைப் பார்க்காததால் அவருடைய அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, அதனால்தான் இதை விட எனக்கு மனசு வரவில்லை.

கையில் இருப்பது அவர் போட்ட ஒரே ஒரு தபால் அட்டை. ரங்கூன் முத்திரை தெளிவாக இருக்கிறது, ஆனால் கப்பல் பெயர் இருந்த மூலையைக் கரையான் அரித்துவிட்டது. ‘னியா’ என்ற கடைசி இரண்டெழுத்து மட்டும் மிச்சம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு முறை போனேன். பழைய நாளிதழ்களையும் புரட்டினேன், துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர்களையும் விசாரித்தேன். பிரிட்டிஷ் கப்பல்களின் 1925-ஆம் வருஷ மாலுமிப் பட்டியல்கள் லண்டன் கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆனால் அவை கப்பலின் பதிவு எண் வரிசையில் அடுக்கப்பட்டவை. பெயர் இல்லாமல் எண் கிடைக்காது.

அதே 1925 கடைசியில் நிலக்கரியோடும் 32 பேரோடும் ஹவானாவுக்குப் போன கோட்டோபாக்சி கப்பலும் இப்படித்தான் மறைந்தது. ஃபுளோரிடா அருகே கிடந்த சிதைவு அதுதான் என்று 2020-இல் உறுதியானது. அதைப் படித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

புறப்பட்ட துறைமுகம், மாதம், ‘னியா’ இவ்வளவை மட்டும் வைத்துக் கப்பல் பெயரைத் தேட எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்?