அமுக்குவான் அமுக்குனப்போ நீங்க கண்ணால பாத்தது என்ன?

சத்துவாச்சாரி மாடிவீடு

முழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாம, யாரோ மேல அமுக்கறா மாதிரி கெடப்போமே, அந்த அமுக்குவான பத்தி இங்க யாருக்கும் வெளக்க தேவையில்ல, நேரா விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் அக்னி நட்சத்திரம், ராத்திரி பூரா கரண்ட் வந்து வந்து போயினு இருந்துச்சி, வந்தாலும் ஃபேன் காத்து அடுப்பு ஊதறா மாதிரி, சரின்னு நானும் சம்சாரமும் பாப்பாவும் பாய சுருட்டிகினு மொட்டை மாடிக்கு போயிட்டோம். ரெண்டு மணி வரைக்கும் கொசு. அப்பால எப்போ கண்ணசந்தேன்னு தெரியல. முழிப்பு வந்தப்போ வானம் லேசா வெளுத்துனு இருக்குது, மலை கருப்பா கோடு போட்டாப்ல தெரியுது, கைய தூக்கறேன், வரல. அவ்ளோதான், மாட்டிகினேன்னு புரிஞ்சிபோச்சி.

எல்லாருக்கும் நெஞ்சு மேல யாரோ உக்காருவாங்க. எனக்கு வந்தது கொரங்கு. நெஞ்சு மேல இல்லீங்க, தண்ணி டேங்க் பக்கத்துல என் சம்சாரம் பழைய வேட்டி விரிச்சி கூழ் வடாம் புழிஞ்சி வச்சிருந்தா, அது மேல உக்காந்துனு இருந்துச்சி. பெரிய கடுவன். அரைகுறையா காஞ்சி துணியோட ஒட்டிகினு இருக்கற வடாத்த ஒண்ணொண்ணா பிக்குது, பிக்கும்போது துணி "டர்ர்"னு ஒரு சத்தம். அந்த சத்தம் இன்னும் காதுலயே கீது. என்னியே பாத்துகினு மெல்லுது. அதுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல நான் மரக்கட்டையா கெடக்கறேன், தொண்ட கிழிய கத்தறேன், ஒண்ணும் வெளிய வரல. காலைல சம்சாரம் சொல்றா, "நீ என்னமோ மொனவுன, கொறட்டைன்னு நெனச்சி திரும்பி படுத்துகினேன்"னு.

எப்படியோ கால் கட்டவெரல் அசைஞ்சிது, எழுந்து பாத்தா கொரங்கு இல்ல. ஆனா வேட்டி ஒரு மூலையில வடாமும் இல்ல. காக்கா தூக்கினு போயிருக்கும்ன்றா இவ. ஒரு வருஷம் ஓடிப்போச்சி, எனக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அந்த கொரங்கு நெஜமா இல்லயா?

நைட்டூட்டி அக்கா

கொரங்கு பத்தி எனக்கு தெரியாதுங்க, என் கதைய சொல்லிட்டு போறேன். நான் ஸ்டாஃப் நர்ஸ். ஏழு நாள் நைட்டு தொடர்ந்து பாத்துட்டு காலைல ஹாஸ்டல் ரூமுக்கு வந்து குளிச்சிட்டு, காதுல இயர்ஃபோன் மாட்டினு படுத்தேன். ஒரு லவ் சாங், அப்போ எல்லா ஆட்டோலயும் அதான் ஓடும், பேரு வேணாம், சொன்னா நீங்க முணுமுணுப்பீங்க. அந்த பாட்டோட மொத சரணத்துல அமுக்கிடுச்சி. ஜன்னல் தெரியுது, காயப்போட்ட யூனிஃபார்ம் தெரியுது, வெரல் கூட அசையல. பாட்டு மட்டும் ஓடுது. ரெண்டாவது சரணம் வந்தப்போ அந்த பொண்ணு பாடற குரல் இயர்ஃபோன்ல இருந்து வெளிய வந்து எனக்கு பின்னாடி தலகாணிக்கு அடியில இருந்து பாடுது. மூச்சு விடற சத்தம் கூட கேட்டுச்சி. பாட்டு முடிஞ்சி அடுத்த பாட்டு பாதி வரைக்கும் அப்டியே கெடந்தேன். அப்புறமா ஃபோன்ல நேரம் போட்டு பாத்தேன், கிட்டத்தட்ட 7 நிமிஷம்.

இதோட போயிருந்தா பரவால்ல. ரெண்டு வருஷம் கழிச்சி என் கல்யாண ரிசப்ஷன்ல, டிஜே மொத பாட்டா எத போட்டான்னு நினைக்கறீங்க? மேடையில நின்னுகினு எனக்கு வேர்த்து ஊத்துது, வீட்டுக்காரர் மெதுவா கேக்கறாரு, "புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு"ன்னு. பாவம், அவரத்தான் எனக்கு புடிக்கலன்னு நெனச்சிட்டாரு.

குடியாத்தம் பெரியவர்

தம்பி சத்துவாச்சாரி, நீ பாத்தது சாதாரண கொரங்கு இல்லப்பா, ஆஞ்சநேயர். கொழந்தைக்கு காவலா வந்து உக்காந்தாரு. நீ வேட்டி வடாம்னு கணக்கு பாத்துனு கீற.

எனக்கும் ஒருதரம் ஆச்சி. வைகாசி ஒண்ணு, கெங்கையம்மன் சிரசு திருவிழா, ரெண்டு ராவு தூக்கமே இல்ல, சிரசு ஊர்வலம் பாத்துட்டு வந்து மத்தியானம் தறி பக்கத்துலயே துண்ட விரிச்சி மல்லாந்தேன், தறிக்குழில இருந்து ஒரு கை வந்து என் கால புடிச்சிச்சி. ஈரக்கை. அவ்ளோதான் என் கதை.

இப்போ என்ன பண்ணணும்னு சொல்றேன் கேட்டுக்கோ. தலமாட்டுல இரும்பு வெய்யி, அருவாமணை வேணாம், கொழந்த கீற வூடு, ஒரு பெரிய சாவி போதும். அது இல்லனா பழைய செருப்பு ஒண்ணு, இல்ல வெளக்கமாறு. மல்லாந்து படுக்காத, எடது பக்கம் ஒருக்களிச்சி படு. வடக்க தல வெக்காத. ராவுல கறிக்கொழம்பு, மொச்ச, பலாப்பழம் இதெல்லாம் ஒத்துக்காது, எட்டு மணிக்கெல்லாம் சாப்ட்டு முடிச்சிடணும். படுக்கறதுக்கு முன்ன கால் கழுவணும், கழுவிட்டு தொடச்சிடணும், ஈரக்காலோட படுத்தா மறுபடியும் வரும். புளியமரம், நொணா மரம் நெழல் மாடில விழுதான்னு பாரு. விழுந்தா கெளைய வெட்டு, மரத்த வெட்டாத. பாப்பாவுக்கு இடுப்புல கறுப்பு கயிறு கட்டிட்டியா? கட்டு. செவ்வா வெள்ளி ஒரு எலுமிச்சம்பழத்த வாசப்படில நறுக்கி வெய்யி. அந்த நர்சு பொண்ணும் காதுல ஒயர மாட்டினு தூங்கறத நிறுத்தணும், காது வழியாதான் எல்லாம் பூருது.

பாலாத்து மணல்

பெரியவரே, கோச்சிக்காதீங்க, பாதி சரியா சொல்லிட்டு பாதிய பேய் மேல போட்டுட்டீங்க. நான் மெடிக்கல் ஸ்டூடண்ட். தூக்கத்துல கண்ணு வேகமா உருள்ற ஒரு கட்டம் கீது, ரெம்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் கனவு அப்போதான். கனவுல ஓடினா நெஜமாவே எழுந்து ஓடிட கூடாதுன்னு மூளைத்தண்டு தசைங்களுக்கு போற லைன புடுங்கி வச்சிடும். கிளைசின், காபான்னு ரெண்டு ரசாயனம் சேந்து இத பண்ணுது, எலிங்கள வச்சி 2012-ல காட்டியிருக்காங்க. சில சமயம் மூளை முழிச்சிக்கும், லைன் மட்டும் திரும்ப வரலன்னா அதான் அமுக்குவான். கண்ண அசைக்கறதுக்கும் உதரவிதானத்துக்கும் இந்த தட இல்ல, அதனாலதான் சுத்தி பாக்க முடியுது, மூச்சும் நிக்காது. ஆனா விலா எலும்புக்கு நடுவுல இருக்கற தசை தளந்து கெடக்கும், இழுத்து மூச்சு விடலாம்னு பாத்தா வராது, அதத்தான் நெஞ்சு மேல ஆள் உக்காந்த மாதிரின்றீங்க. கனவு இன்னும் முழுசா அணையல, அதனால ஆளும் தெரியும், சத்தமும் கேக்கும். மல்லாந்து படுத்தா அதிகமா வரும், தூக்கம் கெட்டாலும் வரும், அதுல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. சிரசு பாத்துட்டு ரெண்டு ராவு முழிச்சது தான் உங்க ஈரக்கை. செருப்புக்கு இதுல வேலயே இல்ல. 2011-ல பழைய ஆய்வுங்களையெல்லாம் சேத்து கணக்கு போட்டப்போ பொதுஜனத்துல 100-க்கு சுமார் 8 பேர், ஸ்டூடண்ட்ஸ்ல 28 பேர் வாழ்க்கையில ஒருதரமாவது அனுபவிச்சிருக்காங்க. 28, கவனிங்க. எக்ஸாம் நேரத்துல எங்க ஹாஸ்டல்ல புளியமரம் ஒண்ணும் இல்ல.

நர்ஸ் அக்கா, 7 நிமிஷம்னு சொல்றது எனக்கு நம்பிக்கையில்ல. பெரும்பாலும் சில செகண்ட்ல இருந்து ரெண்டு மூணு நிமிஷம்தான். நடுவுல கனவுக்குள்ள போயிட்டு வந்திருப்பீங்க, பாட்டும் கூடவே வந்திருக்கும்.

சரி என் கதை. ஃபர்ஸ்ட் இயர், பிசியாலஜி எக்ஸாமுக்கு முன்னாடி நாள், இதே பாடத்த படிச்சிட்டு விடியக்காலைல ஒரு மணி நேரம் சாஞ்சேன். வந்துடுச்சி. கால்மாட்டுல ரூம்மேட் நிக்கறான், மூஞ்சி மட்டும் தெளிவா இல்ல. எனக்கு மனசுக்குள்ள நல்லா தெரியுது, இது ரெம், இது பொய் தோற்றம், பக்கம் நம்பர் மொதக்கொண்டு ஞாபகம் இருக்குது. அவன் கொஞ்சம் குனிஞ்சி கேட்டான், "எல்லாந்தான் தெரிஞ்சிக்கினியே, அப்புறம் ஏன் பயப்படற?" ரூம்மேட் அன்னிக்கி ஊர்ல இருந்தான். அந்த கேள்விக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்ல.

நைட்டூட்டி அக்கா

தம்பி, பாட்ட நான் கேட்டேன், நீ கேக்கல. 7 நிமிஷம்.

பேர்ணாம்பட்டு பொண்ணு

எங்க நானி, அம்மாவோட அம்மா, இத ஜின்னுன்னு சொல்லுவாங்க, குர்ஆன்ல வர்ற ஆயத்துல் குர்ஸி ஓதிட்டு படுன்னு சொல்லுவாங்க. எனக்கு நடந்தது ரம்ஜான்ல. ராத்திரி தராவீஹ் தொழுகை முடிய லேட், அப்புறம் கதை பேசி 1 மணி, நோன்புக்கு முன்னாடி சாப்புடற சஹருக்கு 4 மணிக்கு முன்னாடி எழுந்திரிக்கணும். இருபது நோன்பு போனதுக்கு அப்புறம் தூக்கம்னு ஒண்ணு ஒழுங்கா இருக்குமா. தெருவுல சஹருக்கு எழுப்பறவங்க பாடிகிட்டு வர்றாங்க, எழுந்திரிங்க எழுந்திரிங்கன்னு, சத்தம் தெரு முனையில இருந்து எங்க வாசல் வரைக்கும் வருது, நான் கண்ண தொறந்துகிட்டு கெடக்கறேன். எழுந்திரிக்க முடியல. எங்க வாசல்ல நின்னு கூப்புடறாங்க, அடுத்த வாசலுக்கு போறாங்க, சத்தம் கொறையுது, கொறைய கொறைய எனக்கு அழுகை வருது. பேயும் இல்ல, ஆளும் இல்ல, யாரும் அமுக்கல. எல்லாரையும் எழுப்பிட்டு என்ன மட்டும் விட்டுட்டு போறாங்கன்னு தோணுச்சி பாருங்க, அதத்தான் மறக்க முடியல. எங்க அம்மா வந்து கால தொட்டதும் பட்டுனு விட்டுடுச்சி.

அண்ணா சத்துவாச்சாரி, ராத்திரி வடாத்த மாடியில விட்டா பனி எறங்காதா? எங்க வீட்ல சாயங்காலமே துணியோட மடிச்சி உள்ள வச்சிடுவாங்க.

ஆரணி லுங்கி

அம்மாவுக்கு ஆபரேஷன், வேலூர்ல ஆஸ்பத்திரிக்கு எதிர்ல லாட்ஜ்ல 11 நாள் தங்கினேன். அங்க தெரியுமே, போர்டுல இருந்து மெஸ் வரைக்கும் பெங்காலிதான், பக்கத்து ரூம்ல கல்கத்தா பக்கத்துல இருந்து வந்த ஒரு குடும்பம். சுவரு அட்ட மாதிரி. ஒருநாள் மத்தியானம் அமுக்கிச்சி, கெடக்கறேன், அந்தப்பக்கம் ரெண்டு பொம்பளைங்க பேசறாங்க, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. ரிப்போர்ட்டு வந்துடுச்சாம், வூட்டுக்காரர்கிட்ட எப்படி சொல்றதுன்னு யோசன பண்றாங்க. முழிச்சதும் மறுபடியும் ஒரு எழுத்து புரியல. சாயங்காலம் அந்த வூட்டுக்காரர் தண்ணி கேன் தூக்கினு வந்தாரு, என்ன பாத்து சிரிச்சாரு. நான் மூஞ்ச திருப்பிகினேன். எனக்கு பெங்காலி தெரியாது, கனவுதான்னு தெரியும், ஆனாலும் அவர் மூஞ்ச பாக்க முடியல.

காட்பாடி ரெண்டாவது பிளாட்ஃபார்ம்

எனக்கு அமுக்குவான் வந்ததே இல்ல, கொரங்க பத்தி மட்டும் பேச வந்தேன். கொரங்கு ராத்திரில நடமாடாது சார். பொழுது சாஞ்சா மரத்துலயோ பாறையிலயோ கூட்டமா ஒண்டிக்கும். நான் சோளிங்கர்காரன், நரசிம்மர் இருக்கற பெரிய மலை 1305 படி, ஆஞ்சநேயர் இருக்கற சின்ன மலை 406 படி, எவ்ளோ வாட்டி ஏறியிருப்பேன், அங்க குச்சி வாங்கிகினுதான் ஏறணும், கொரங்கு அவ்ளோ அட்டகாசம். கைப்பைய புடுங்கும், கண்ணாடிய புடுங்கும், கண்ணோட கண்ணு பாத்தா பல்ல காட்டும். கீழ வடாம் கெடச்சா ஒண்ணொண்ணா பிச்சி ரசிச்சி திங்கவா போவுது, வேட்டியோட தூக்கினு ஓடிடும். அதனால அது கனவு.

குடியாத்தம் பெரியவர்

சோளிங்கர்ல கீற ஆஞ்சநேயரயே பாத்துட்டு வந்து இப்படி பேசறியே.

பாலாத்து மணல்

விடியற நேரம்னுதான் அவரு சொல்றாரு, ராத்திரின்னு சொல்லல. ரெம் தூக்கம் விடியக்காலைலதான் நீளமா வரும், கொரங்கு எழுந்திரிக்கற நேரமும் அதே. ரெண்டுக்குமே டைம் ஒத்துப்போவுது. அமுக்கும்போது கண்ணு தொறந்துதான் இருக்கும், நெஜமா இருக்கறதும் தெரியும், இல்லாததும் தெரியும். உங்க பாப்பா நெஜம், டேங்க் நெஜம், வடாம் நெஜம். கொரங்கு மட்டும் ஏன் பொய்யா இருக்கணும்? மறுபடி வந்தா கத்தாதீங்க, மூச்ச மெதுவா விட்டுகினு ஒரு வெரல அசைக்க பாருங்க, அதுவே விட்டுடும். மாசத்துக்கு நாலஞ்சி தரம் வந்தாலோ, பகல்ல அடக்கவே முடியாம தூக்கம் சொக்கினாலோ, சிரிக்கும்போது முட்டி மடங்கினாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க, அது வேற கதை.

சத்துவாச்சாரி மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. சாவி வச்சிருக்கேன் பெரியவரே, வண்டி சாவிதான், காலைல தேடாம இருக்கலாம்னு. தங்கச்சி பேர்ணாம்பட்டு, பனியெல்லாம் சித்திரைல எங்கம்மா எறங்குது, இங்க ராத்திரியும் தரை சுடுது. நேத்து மறுபடியும் மாடிலதான் படுத்தோம், இவ வேணும்னே ஒரு துணில வடாம் புழிஞ்சி வச்சா, காக்காவ புடிச்சி காட்றேன்னு. எனக்கு அமுக்கல. அஞ்சே கால் மணிக்கு நல்லா முழிச்சிகினு உக்காந்துனு இருக்கேன், மலைப்பக்கத்து வூட்டு சுவர் வழியா ஒண்ணு வந்துச்சி. இவளும் பாத்துட்டா. வந்து நேரா வடாம் மேல உக்காந்து "டர்ர்"னு பிச்சிது, அதே சத்தம்.

ஆனா இது சின்ன கொரங்குங்க. அன்னிக்கி வந்தது இது இல்ல.