ஸ்லைடு-அவுட் மேல்மூலையில் டிரிம் பிரிந்து மழைநீர் இறங்குகிறது: சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

ஹூஸ்டன் பயணி (கேள்வி):

வணக்கம். பழைய உரிமையாளர் ஒருவரிடமிருந்து நாங்கள் வாங்கிய 2008 மாடல் கிளாஸ் ஏ மோட்டார்ஹோமில் (பேருந்து வடிவ வீட்டுவண்டியில்), ஓட்டுநர் பக்கம் 14 அடி நீள ஸ்லைடு-அவுட், அதாவது நிறுத்திய பின் உள்ளிடத்தை அகலமாக்க வெளியே தள்ளும் அறைப்பகுதி, ஒன்று உள்ளது. அதன் வெளிமுகத்தைச் சுற்றி ஓடும் அலுமினிய டிரிம் (விளிம்புப் பட்டை), பின்புற மேல்மூலையில் ஏறக்குறைய கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேல் டிரிமும் பக்க டிரிமும் 45 பாகையில் வெட்டப்பட்டுச் சேரும் இணைப்பு அங்கே வாய்பிளந்திருக்கிறது. ஸ்க்ரூக்களை மறைக்கும் வெள்ளை வினைல் பட்டை சுருங்கிவிட்டதால் முனையில் உள்ள ஸ்க்ரூக்கள் வெளியே தெரிகின்றன. அவற்றின் தலைகளிலிருந்து துருக்கறை வழிந்து பெயின்ட்டில் கோடு போட்டிருக்கிறது.

வண்டி திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான் நிற்கிறது. காற்றோடு மழை அடித்து ஓய்ந்த பிறகு பார்த்தால், அந்த மூலைக்கு நேர்கீழே, சோபாவுக்குப் பின்னால் இருக்கும் உட்சுவர்ப் பலகை விரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்வாங்குகிறது. மேலே உள்ள அலமாரியின் அடிப்பலகையிலும் பழுப்பு வளையம் ஒன்று தெரிகிறது.

ஒரு பட்டறையில் டிரிம் சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் பிளவில் சிலிக்கான் அடைத்தால் போதும் என்றார்கள். முந்தைய உரிமையாளரும் அதைத்தான் செய்திருக்கிறார் போலும், அந்த மூலையில் ஏற்கெனவே சிலிக்கான் தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது. மரவேலை ஓரளவு தெரியும், ஏணியும் கருவிகளும் உள்ளன. இதை நானே செய்ய முடியுமா, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

எல்கார்ட் பட்டறையாளர் (பதில்):

வணக்கம் ஐயா. நான் இண்டியானாவில் இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட இரு ஆலோசனைகளுமே உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து; அந்த டிரிம் எப்படி நீரைத் தடுக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

வெளியில் நம் கண்ணுக்குத் தெரியும் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) கோடு இரண்டாவது காவல்தான். முதல் காவல், டிரிமுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. உங்களுடையதைப் போன்ற பல வண்டிகளில் ஸ்லைடின் கூரையை மூடும் ரப்பர் விரிப்பு வெளிவிளிம்பில் கீழ்நோக்கி மடிந்து, மேல் டிரிமுக்கு அடியில்தான் முடிகிறது. பியூட்டைல் காய்ந்து பிடிப்பை விட்டுவிட்டால், நீர் அந்த மடிப்பின் வழியாகவும் ஸ்க்ரூ துளைகளின் வழியாகவும் நேராகக் கூரைப் பலகையின் விளிம்புக்குப் போய்விடும். வெளியில் எத்தனை முறை சிலிக்கான் பூசினாலும், டிரிமின் நீளத்தில் வேறோர் இடத்தில் புகுந்த நீர் உள்ளே ஊர்ந்து வந்து மூலையில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மூலை ஏன் முதலில் பிளக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 14 அடி அலுமினியம், வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறும்போது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. டெக்சாஸ் வெயிலில் நிற்கும் உலோகத்துக்குக் குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் இடையில் அந்த மாற்றம் சாதாரணம். அவ்வளவு அசைவும் முனைகளில்தான் வெளிப்படும் என்பதால், இறுகிப்போன சீலன்ட் அங்கே கிழிந்துவிடுகிறது.

அலுமினியம் வளைந்து நெளியாமல் இருந்தால் சட்டத்தை மாற்றத் தேவையில்லை. அதே வடிவமுள்ள புதிய துண்டு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவ்வளவு நீளத்தைக் கூரியரில் வளையாமல் வரவழைப்பது பெரும்பாடு. பழையதையே சுத்தம் செய்து மாட்டுங்கள். ஆனால் ஏணியில் ஏறுவதற்கு முன் எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, டிரிமின் உட்புறத்தில் உள்ள பல்பு சீல் என்ற உள்ளீடற்ற ரப்பர் குழலுக்கும் வண்டிச் சுவருக்கும் இடையில் ஒரு தாள் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் தாள் ஒரே மாதிரி இறுக்கமாக வருகிறதா, அல்லது சில இடங்களில் தடையின்றி வழுக்கி வருகிறதா? அடுத்து, துருப்பிடித்த ஸ்க்ரூ ஒன்றைக் கையால் கழற்றுங்கள். அது மரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறதா, சும்மா சுழல்கிறதா என்பதைச் சொல்லுங்கள்.

அரிசோனா நாடோடி (பதில்):

பட்டறையாளர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். வினைல் பட்டையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் அதை அலங்காரம் என்று நினைத்துப் பலர் கவனிப்பதில்லை. அது ஸ்க்ரூத் தலைகளுக்கு மேலிருக்கும் குடை. எங்கள் பக்கத்து வெயிலில் சில ஆண்டுகளிலேயே அது விறைத்துச் சுருங்கிவிடுகிறது. இது சுருளாக மலிவாகவே கிடைக்கும். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று அகலங்கள் வேறுபடுவதால் பழைய துண்டு ஒன்றை அளந்த பிறகே வாங்குங்கள்.

மாட்டும்போது இழுத்துப் பிடித்து மாட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அப்படி இழுபட்ட பட்டை விரைவில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பி மறுபடியும் முனைகளைத் திறந்துவிடும். சுருளை வெயிலில் விரித்து இளகவைத்து, பள்ளத்துக்குள் கட்டைவிரலால் அமுக்கி, கூடவே சற்று பின்னோக்கித் தள்ளியபடி போக வேண்டும். முனையை உடனே வெட்டாமல், ஒரு நாள் விட்டு, சற்றுக் கூடுதலாகவே வைத்து வெட்டினால் மூலை மூடியே இருக்கும்.

ஹூஸ்டன் பயணி:

இருவருக்கும் நன்றி. தாளை வைத்துச் சோதித்தேன். கீழேயும் முன்பக்கமும் மேல்விளிம்பின் பெரும்பகுதியிலும் தாள் கிழியும் அளவுக்கு இறுக்கமாக உள்ளது. பின்புற மேல்மூலையில் ஒரு அடி நீளத்துக்கு மட்டும் தாள் தடையின்றி வெளியே வந்துவிடுகிறது.

அந்த மூலையில் முதல் இரண்டு ஸ்க்ரூக்களைத் திருப்பவே தேவைப்படவில்லை. விரலால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டன. மரைக்குள் கருப்பாக ஈரத் தூள் அப்பியிருக்கிறது. மூன்றாவது சுழன்றுகொண்டே இருந்தது. நான்காவதிலிருந்து ஸ்க்ரூக்கள் நன்றாகவே பிடித்திருக்கின்றன. இப்போது மூலைக்கருகில் மட்டும் டிரிமைத் தூக்கி, புதிதாக நீண்ட ஸ்க்ரூக்களைப் போட்டுவிடலாமா?

எல்கார்ட் பட்டறையாளர் (பதில்):

உங்கள் தாள் சோதனை நல்ல செய்தி. ஸ்லைடின் இயக்கமே கோணலாகி இருந்தால் மேல்விளிம்பு முழுவதும், அல்லது ஒரு பக்கம் முழுவதும், தாள் தளர்ந்து வந்திருக்கும். அப்போது டிரிமைத் தொடுவதற்கு முன் ஸ்லைடை நேர்ப்படுத்த வேண்டியிருக்கும். ஒரு அடியில் மட்டும் தளர்வு என்றால், டிரிம் தூக்கிக்கொண்டதுதான் சீலையும் சுவரிலிருந்து விலக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

நீண்ட ஸ்க்ரூ வேண்டாம். பிடிக்க மரம் இல்லாத இடத்தில் ஸ்க்ரூவின் நீளம் எதையும் சாதிக்காது. மறுபுறம் இருக்கும் மின்கம்பியைத் துளைக்கும் ஆபத்தும் உண்டு. மூலைக்கருகில் மட்டும் டிரிமை நெம்பித் தூக்கினால் அலுமினியம் மடங்கிவிடும், மடங்கிய இடம் பிறகு ஒருபோதும் தட்டையாக உட்காராது. மேல் டிரிமை முழு நீளத்துக்கும், பக்க டிரிமைக் குறைந்தது பாதி உயரத்துக்கும் விடுவிக்க வேண்டும். ஸ்லைடின் கூரையை மூடி விரியும் டாப்பர் துணி இருந்தால் கவனம்: அதன் சுருள் குழாயில் ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கும் என்பதால், அதைப் பூட்டாமல் தாங்கிகளைக் கழற்றினால் கையைப் பதம் பார்த்துவிடும். டிரிம் கழன்ற நிலையில் ஸ்லைடை இயக்கவும் கூடாது.

பழைய சிலிக்கானை முழுவதும் எடுத்தாக வேண்டும். உங்கள் வேலையில் சலிப்பூட்டும் பகுதி இதுதான். சிலிக்கான் படிந்த பரப்பில் வேறெந்த சீலன்ட்டும் ஒட்டாது, புதிய சிலிக்கானே சரியாக ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி, மிச்சத்தைச் சிலிக்கான் நீக்கியால் துடைத்து, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கழற்றி வைத்த அலுமினியத்தில் ஒட்டியுள்ள பியூட்டைலை மினரல் ஸ்பிரிட் எளிதில் கரைக்கும். ஆனால் அதை ரப்பர் கூரைமேல் படவிடாதீர்கள், பெட்ரோலியக் கரைப்பான்கள் இத்தகைய கூரைகளுக்குப் பயன்படும் ஈபிடிஎம் ரப்பரை உப்பவைத்துவிடும்.

திறந்த பிறகு மரத்தைக் கூரான ஊசியால் ஒவ்வொரு அங்குலமாகக் குத்திப் பாருங்கள். ஈரமானி ஒன்று வாங்குவதும் பயன்தரும். 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நிற்கும் மரத்தில் பூஞ்சை வேலை செய்துகொண்டிருக்கும். 15-க்குக் கீழே இறங்கும்வரை எதையும் மூடாதீர்கள். ஹூஸ்டன் காற்றின் ஈரத்துக்கு மின்விசிறி மட்டும் போதாது, உள்ளே ஈரநீக்கி ஒன்றை ஓடவிட வேண்டியிருக்கும். உட்புறத்தில் மெத்தென்று இருக்கும் பலகையை வெட்டி எடுத்தால் இரு பக்கமும் காற்றுப் படும். எப்படியும் அந்தப் பலகையைக் காப்பாற்ற முடியாது.

சாலையோரத் தச்சர் (பதில்):

மரத்தைப் பற்றி ஒரு சொல். பலர் எப்பாக்ஸியை (இரு பொருளைக் கலந்ததும் இறுகும் பிசின்) சர்வரோக நிவாரணி என்று நினைக்கிறார்கள். இலேசாக மென்மையான மரத்துக்குள் நீர்த்த எப்பாக்ஸியை ஊறவிட்டால் அது கெட்டிப்படும், உண்மைதான். ஆனால் விரலால் நோண்டினால் தூளாக உதிரும் மரத்துக்கு அதனால் பலம் வராது. அதை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதிய துண்டை வைத்து, நீர்தாங்கும் பசையும் ஸ்க்ரூவும் கொண்டு பழைய சட்டத்தோடு இணைக்க வேண்டும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், முதல் இரண்டு ஸ்க்ரூக்களின் பகுதி வெட்டுக்கும், மூன்றாவதன் பகுதி எப்பாக்ஸிக்கும் உரியவை. மரம் நன்றாக இருந்து துளை மட்டும் தேய்ந்திருந்தால், துளையைப் பெரிதாக்கி, கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியால் நிரப்பி, உலர்ந்த பின் சிறு துளையிட்டுப் பழைய அளவு ஸ்க்ரூவையே போடலாம்.

ஹூஸ்டன் பயணி:

தெளிவாகிவிட்டது, நன்றி. மாட்டும் கட்டத்தைப் பற்றிக் கடைசிச் சந்தேகங்கள். எந்த சீலன்ட் நல்லது? கடையில் ஒருவர் 3எம் 5200 வாங்கச் சொன்னார். டிரிமின் நான்கு பக்கமும் வெளியில் பூச வேண்டுமா?

எல்கார்ட் பட்டறையாளர் (பதில்):

5200 படகுகளுக்கு அருமையான பொருள், ஆனால் அது நிரந்தரமாக ஒட்டும் பசை. அடுத்த முறை டிரிமைக் கழற்றும்போது பெயின்ட்டும் ஃபைபர்கிளாஸும் சேர்ந்து பெயர்ந்து வரும். டிரிமுக்கு அடியில் பியூட்டைல் டேப்பே போதும். 1/8 அங்குலத் தடிமனுள்ளதை, மூலை இணைப்பில் ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு வையுங்கள். வெளிக்கோட்டுக்கு, செங்குத்துப் பரப்பில் வழியாத, வளையும் தன்மை மாறாத, மோட்டார்ஹோம்களுக்கென்றே விற்கும் சீலன்ட் எதுவும் பொருந்தும். தானே மட்டமாகப் பரவும் கூரை சீலன்ட்டைச் சுவரில் பூசாதீர்கள், அது ஒழுகிக் கீழே வந்துவிடும்.

ஸ்க்ரூக்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் துளையிலும் சிறிது சீலன்ட் வைத்து, இம்பாக்ட் டிரைவரைத் தவிர்த்துக் கையால் முறுக்குங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் போனால் டிரிம் அலையலையாக நெளியாது. பியூட்டைல் மெதுவாகத்தான் நசுங்கும். வெயிலேறிய ஒரு நாளுக்குப் பிறகு எல்லா ஸ்க்ரூக்களையும் மறுபடியும் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவை இடம் கொடுக்கும். வெளியே பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டிய பிறகே வெளிக்கோட்டையும் வினைல் பட்டையையும் போட வேண்டும்.

வெளிக்கோடு மேல்விளிம்புக்கும் இரு பக்கங்களுக்கும் மட்டும். கீழ் டிரிமின் அடிவிளிம்பில் பூசாதீர்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஏதாவது ஓர் இடத்தில் துளி நீர் உள்ளே போகும். கீழே வழி இருந்தால் அது வெளியேறிவிடும், நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் உள்ளேயே தங்கி அடிச்சட்டத்தை அரிக்கும். நான் திறந்து பார்த்த அழுகல்களில் கணிசமானவை, அக்கறை மிகுந்தவர்கள் கீழ்விளிம்பையும் அழகாக அடைத்த வண்டிகளில் இருந்தவைதான்.

சீலன்ட் உலர்ந்த பின், குழாய்நீரை அழுத்தமில்லாமல், கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, உள்ளே ஒருவரை டார்ச்சுடன் நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, கசிவு எங்கே என்று தெரியாமல் போய்விடும். உட்சுவர்ப் பலகையை அதன் பிறகு மாட்டுங்கள்.

அரிசோனா நாடோடி (பதில்):

பராமரிப்புக்கு: ஆண்டுக்கு இரு முறை பல்பு சீலையும், ஸ்லைடு நகரும்போது அதன் பரப்பைத் துடைக்கும் வைப்பர் சீலையும் இலேசான சோப்பு நீரால் துடைத்து, ரப்பருக்கென்று உள்ள, புறஊதாக் கதிரைத் தடுக்கும் திரவத்தைப் பூசுங்கள். வாசலின், கிரீஸ் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் வேண்டாம். அதே நாளில் நான்கு மூலை இணைப்புகளையும் நகத்தால் தொட்டுப் பாருங்கள். சீலன்ட் ஒரு பக்கம் உரிந்து வந்தால், அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து அதே சீலன்ட்டால் புதுப்பித்தால் போதும். வேலை முடிந்து முதல் பயணம் கிளம்புவதற்கு முன், அந்த மூலையில் தாளை மீண்டும் ஒருமுறை வைத்து இழுத்துப் பார்த்துவிடுங்கள். டிரிம் தட்டையாக உட்கார்ந்த பிறகும் தாள் வழுக்கி வந்தால், அங்கே பல்பு சீல் நிரந்தரமாக நசுங்கிவிட்டது என்று பொருள், அதை மாற்ற வேண்டியிருக்கும்.